கடல் கடக்கும் ஓய்வூதியமும் கரையில் நிற்கும் உதவித்தொகையும்

ஒரு நாட்டில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றபின் வேறொரு நாட்டில் முதுமையைக் கழிப்பவருக்கு, உழைத்த நாட்டின் கருவூலத்திலிருந்து எந்தப் பணம் உரியது, எந்தப் பணம் உரியதன்று என்ற கேள்வி எளிதாகத் தோன்றினாலும், பிரிட்டனைப் பொறுத்தவரை அதற்கான விடை சட்டம், ஒப்பந்தம், வானிலைக் கணக்கு ஆகிய மூன்றிலும் சிதறிக் கிடக்கிறது. 2022 அக்டோபரில் அந்நாட்டின் விலைவாசி உயர்வு 11.1 விழுக்காட்டை எட்டியபோது, அரசு அறிவித்த வாழ்க்கைச் செலவு உதவித்தொகைகள் இந்தச் சிதறலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஸ்பெயினிலும் கனடாவிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள், அத்தொகை தங்களுக்கும் வருமா என்று கேட்கத் தொடங்கினர். கேட்காமலே பெற்றவர்களும் இருந்தனர், கேட்டும் கிடைக்கப்பெறாதவர்களும் இருந்தனர்.

இக்கேள்வியைப் புரிந்துகொள்ள இரண்டு வகைப் பணத்தை வேறுபடுத்த வேண்டும். முதலாவது, வேலை செய்த காலத்தில் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவின் அடிப்படையில் கிடைக்கும் அரசு ஓய்வூதியம்; 2016 ஏப்ரல் 6 முதல் ஓய்வு வயதை அடைந்தவர்களுக்கான புதிய திட்டத்தில் குறைந்தது 10 ஆண்டுச் சந்தா இருந்தால் ஒரு பகுதியும், பொதுவாக 35 ஆண்டுகள் இருந்தால் முழுத்தொகையும் கிடைக்கும். குடியுரிமை எதுவாயினும், வாழும் நாடு எதுவாயினும், இது கடல் கடந்து வரும். இரண்டாவது, சந்தாவோடு தொடர்பில்லாமல், வரிப்பணத்திலிருந்து, தேவையைப் பார்த்து, அந்நாட்டில் வாழ்பவருக்கு வழங்கப்படும் உதவி. இது கரையிலேயே நின்றுவிடும். உழைத்துச் சேர்த்தது உடன் வரும், தேவைக்குத் தரப்படுவது தேவை எழும் இடத்திலேயே இருக்கும் என்பது இப்பிரிவின் நியாயம். அந்த நியாயத்தைப் பிரிட்டிஷ் அரசு இரு திசைகளிலும் மீறியிருக்கிறது. குழப்பத்துக்கும் மனக்கசப்புக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

வாழ்க்கைச் செலவு உதவித்தொகைகளின் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2022-இல் இயற்றப்பட்ட கூடுதல் தொகைகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வருமானச் சோதனைக்கு உட்பட்ட உதவி பெறும் குடும்பங்களுக்கு 326, 324 பவுண்டு என இரு தவணைகளில் 650 பவுண்டு வழங்கப்பட்டது. அடுத்த நிதியாண்டில் இன்னொரு சட்டத்தின்கீழ் 301, 300, 299 பவுண்டு என மூன்று தவணைகளில் 900 பவுண்டு வழங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு இரு ஆண்டுகளிலும் தனியே 150 பவுண்டு கிடைத்தது. முதியோரில் இந்த 650-ஐயும் 900-ஐயும் பெறப் பெரும்பாலும் தகுதியானவர்கள், பென்ஷன் கிரெடிட் எனப்படும் உதவியைப் பெறுவோர். ஓய்வூதியம் உட்பட மொத்த வருமானம் அரசு வகுத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பும் தொகை அது. பெயரில் பென்ஷன் இருந்தாலும் அது ஓய்வூதியமன்று, பிரிட்டனில் நிரந்தரமாக வாழ்பவருக்கே உரியது. ஆகவே வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஒருவர், எவ்வளவு வறியவராயினும், பென்ஷன் கிரெடிட்டைக் கோர முடியாது; அதைச் சாவியாகக் கொண்ட வாழ்க்கைச் செலவு உதவித்தொகையையும் கோர முடியாது.

ஆனால் ஓய்வூதியர்களுக்கென அறிவிக்கப்பட்ட 300 பவுண்டு வேறு வழியில் வந்தது. 2022-23, 2023-24 ஆகிய இரு குளிர்காலங்களிலும் அது தனி உதவியாக இல்லாமல், 1997 முதல் நடைமுறையிலுள்ள குளிர்கால எரிபொருள் உதவித்தொகையின் தற்காலிக உயர்வாக விதிமுறைகளில் எழுதப்பட்டது. வழக்கமாக ஒரு குடும்பத்துக்கு 200 பவுண்டும், 80 வயதைக் கடந்தவருக்கு 300 பவுண்டுமாக இருந்த அத்தொகை, முறையே 500, 600 பவுண்டாக உயர்ந்தது. எரிபொருள் உதவித்தொகையோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூகப் பாதுகாப்பு விதிகளின் பழைய பிணைப்பால், 2021-க்கு முன்பே ஐரோப்பாவில் குடியேறி, பிரிட்டனோடு மெய்யான, போதுமான தொடர்பு உடையவர்களுக்கும் சென்றுகொண்டிருந்தது. இதன் விளைவாக, பிரிட்டனின் விலைவாசிக்காக வகுக்கப்பட்ட 300 பவுண்டு, ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் இத்தாலியிலும் வாழும் ஓய்வூதியரின் கணக்கிலும் சட்டப்படியே வரவு வைக்கப்பட்டது. அதைப் பெற்றவர்கள் ஏமாற்றிப் பெற்றவர்களாக ஊரார் பேச்சில் சித்திரிக்கப்பட்டது நியாயமன்று. சட்டம் கொடுத்ததை அவர்கள் வாங்கினர்.

ஐரோப்பா என்றாலும் எல்லா நாடுகளும் அதில் அடங்கவில்லை. வெயிலில் வாழ்பவருக்கு எரிபொருள் பணம் எதற்கு என்ற விமர்சனம் வலுத்ததால், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2013-இல் வெப்பநிலைச் சோதனை ஒன்றை அறிவித்தார். ஒரு நாட்டின் குளிர்காலச் சராசரி வெப்பநிலை, பிரிட்டனிலேயே மிக வெதுவெதுப்பான பகுதியான தென்மேற்கு இங்கிலாந்தின் சராசரியைவிட அதிகமாக இருந்தால், அந்நாட்டில் வாழ்பவருக்கு உதவி இல்லை என்பது அதன் சாரம். 2015-16 குளிர்காலம் முதல் சைப்ரஸ், பிரான்ஸ், ஜிப்ரால்டர், கிரேக்கம், மால்ட்டா, போர்த்துகல், ஸ்பெயின் ஆகியவை விலக்கப்பட்டன. பிரான்ஸ் இப்பட்டியலில் சேர்ந்த விதம் வேடிக்கையானது: கரீபியக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் உள்ள அதன் வெப்பமண்டலத் தீவுகளும் சராசரியில் சேர்க்கப்பட்டதால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பிரெஞ்சுக் கிராமத்தில் பனியில் நடுங்குபவர் உதவியை இழந்தார், வடக்கே மலைப்பனியைக் கொண்ட இத்தாலி தப்பியதால், சிசிலியின் கடலோரத்தில் வாழ்பவர் தொடர்ந்து பெற்றார். அளவுகோல் பொதுவானதாக இருந்தால் போதும், பொருத்தமாக இருக்க வேண்டியதில்லை என்று ஆட்சியாளர்கள் கருதும்போது நேர்வது இதுதான்.

அதன்பின் விதிகள் வேகமாக மாறின. 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், எரிபொருள் உதவித்தொகை இனிப் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகளைப் பெறுவோருக்கு மட்டுமே என்று அறிவிக்க, பிரிட்டனுக்குள்ளேயே ஏறத்தாழ ஒரு கோடி முதியோர் அதை இழந்தனர். எதிர்ப்புக்குப் பின் 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்படாதோர் அதைத் தக்கவைத்துக்கொள்ளும்படி மீண்டும் மாற்றப்பட்டது. எனவே சென்ற ஆண்டு வந்தது இந்த ஆண்டும் வரும் என்று வெளிநாட்டில் வாழ்பவர் கணக்குப் போடுவதற்கு இடமில்லை. அந்தந்தக் குளிர்காலத்துக்கான விதியை அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்வதே முறை. இவற்றோடு ஒப்பிட்டால் 1972-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஊக்கத்தொகை இன்றுவரை அதே 10 பவுண்டாகவே இருந்துவருகிறது. அதையும் டிசம்பரின் குறிப்பிட்ட வாரத்தில் பிரிட்டன், ஐரோப்பியப் பொருளாதார மண்டலம் போன்ற குறிப்பிட்ட இடங்களில் வாழ்பவர்தான் பெறமுடியும்.

தேவைக்கான உதவி கடல் கடந்த கதை இவ்வாறிருக்க, உழைப்புக்கான ஓய்வூதியம் பாதிக்கடலில் நின்றுபோன கதை இதைவிடக் கனமானது. பிரிட்டனுக்குள் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் மும்மடிப் பூட்டு எனப்படும் முறையில், அதாவது ஊதிய உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 விழுக்காடு ஆகியவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்கிறது. 2023 ஏப்ரலில் 10.1 விழுக்காடும், 2024-இல் 8.5 விழுக்காடும், 2025-இல் 4.1 விழுக்காடும் அது உயர்ந்தது. வாழ்க்கைச் செலவுக்கு ஈடுகொடுக்கும் மெய்யான ஏற்பாடு ஆண்டுதோறும் வரும் இந்த உயர்வுதான். ஒருமுறை வந்து போகும் உதவித்தொகைகள் அதன் அருகில் சிறியவை. இந்த உயர்வு வெளிநாட்டில் வாழும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்ற நாளில், அல்லது நாட்டைவிட்டு வெளியேறிய நாளில், எந்தத் தொகை இருந்ததோ அதிலேயே நின்றுவிடும் ஓய்வூதியத்தை உறைந்த ஓய்வூதியம் என்று அழைப்பர்.

அதன் அளவை ஓர் எளிய கணக்கு காட்டும். 2016 ஏப்ரலில் முழுத்தகுதியுடன் புதிய ஓய்வூதியம் பெறத் தொடங்கிய இருவருக்கும் வாரத்துக்கு 155.65 பவுண்டு கிடைத்தது. ஒருவர் லண்டனிலேயே தங்கினார், மற்றவர் திருச்சிக்குத் திரும்பினார் என்று கொண்டால், 2025-26-இல் முன்னவர் பெறுவது 230.25 பவுண்டு, பின்னவர் பெறுவது அதே 155.65 பவுண்டு. வாரத்துக்கு 74.60 பவுண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,880 பவுண்டு வேறுபாடு. இருவரும் செலுத்திய சந்தா ஒன்றுதான். பழைய திட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் 67.50 பவுண்டுடன் இந்தியா திரும்பியவர் உயிருடன் இருந்தால் இன்றும் அதையே பெறுகிறார். பிரிட்டனில் அந்த அடிப்படை ஓய்வூதியம் 2025-26-இல் 176.45 பவுண்டாகிவிட்டது.

உயர்வு எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதைத் தூரமோ, வறுமையோ, வரலாற்று உறவோ தீர்மானிக்கவில்லை. ஐரோப்பியப் பொருளாதார மண்டலம், சுவிட்சர்லாந்து ஆகியவற்றோடு, உயர்வுக்கு வழிசெய்யும் இருதரப்பு ஒப்பந்தமுள்ள அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, பார்படோஸ், மொரீஷியஸ் போன்ற நாடுகளில் கிடைக்கும்; ஆஸ்திரேலியா, கனடா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் ஆகியவற்றில் கிடைக்காது. பிரிட்டனின் மருத்துவச் சேவையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய தமிழ்ச் செவிலியர் மொரீஷியஸில் குடியேறினால் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும், மதுரைக்கோ வவுனியாவுக்கோ திரும்பினால் உறையும். நான்கரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு உறைந்த ஓய்வூதியம் பெறுகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காமன்வெல்த் நாடுகளில், குறிப்பாக ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர்.

இப்பாகுபாடு நீதிமன்றங்களில் முழுமையாகச் சோதிக்கப்பட்டுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த அனெட் கார்சன் தொடுத்த வழக்கைப் பிரபுக்கள் அவை 2005-இல் தள்ளுபடி செய்தது. அவரும் மேலும் பன்னிருவரும் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுக, அதன் பேராயம் 2010 மார்ச் 16 அன்று 11-க்கு 6 என்ற பெரும்பான்மையில் பிரிட்டிஷ் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தேசியக் காப்பீட்டுச் சந்தா ஓய்வூதியத்துக்கு மட்டுமே உரிய சேமிப்பன்று, அது மருத்துவம் உள்ளிட்ட பல செலவுகளுக்கும் சேர்ந்தே செல்கிறது என்பதும், ஆண்டு உயர்வு பிரிட்டனின் உள்நாட்டு விலைவாசியை ஒட்டியது என்பதும், எனவே வெளிநாட்டில் வாழ்பவர் உள்நாட்டவரோடு ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை என்பதும் தீர்ப்பின் காரணங்கள். சட்ட அளவில் இது முடிவானது. ஆனாலும் உள்நாட்டு விலைவாசியே அளவுகோல் என்றால் அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் வாழ்பவருக்கு ஏன் உயர்வு என்ற கேள்வி எஞ்சுகிறது; அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய பிரிட்டிஷ் வணிக ஒப்பந்தத்தோடு பேசப்பட்ட இரட்டைச் சந்தாத் தவிர்ப்பு ஏற்பாடு, தற்காலிகப் பணிக்கு அனுப்பப்படும் ஊழியர் இரு நாடுகளிலும் சந்தா கட்டுவதைத் தவிர்ப்பதற்கானதே. அதனால் உறைந்த ஓய்வூதியம் உருகப்போவதில்லை.

உரிமைகள் இவ்வாறு அமைய, ஆபத்துகள் பெரும்பாலும் இரு நாடுகளுக்கும் இடையே போய்வருவோரையே சூழ்கின்றன. பிரிட்டனில் பென்ஷன் கிரெடிட் பெறும் முதியவர் ஊருக்குப் போய்ப் பேரன் திருமணத்தையும் கோயில் திருவிழாவையும் முடித்துக்கொண்டு மூன்று மாதங்கள் கழித்துத் திரும்புவது குடும்பத்தின் பார்வையில் இயல்பான பயணம். சட்டத்தின் பார்வையில் அப்படியன்று. 2016 ஜூலை 28 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வெளிநாட்டில் தங்கும் காலம் நான்கு வாரங்களுக்கு மேற்படாது என்ற எதிர்பார்ப்போடு சென்றால் மட்டுமே அவ்வுதவி தொடரும். நெருங்கிய உறவினர் இறந்தால் எட்டு வாரங்கள் வரையும், மருத்துவச் சிகிச்சைக்காக 26 வாரங்கள் வரையும் நீட்டிப்பு உண்டு. பலர் கவனிக்கத் தவறுவது, நான்கு வாரங்கள் எல்லோருக்கும் கிடைக்கும் சலுகைக்காலம் அன்று என்பதே. தொடக்கத்திலேயே மூன்று மாதத் திட்டத்துடன் பயணச்சீட்டு எடுத்தவருக்குப் புறப்பட்ட நாளிலேயே தகுதி போய்விடும். பராமரிப்புத் தேவைக்காக வழங்கப்படும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு இக்கால எல்லை 13 வாரங்கள் என்பதால், ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்த்துத் தவறிழைப்பதும் உண்டு. வாழ்க்கைச் செலவு உதவித்தொகை ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தகுதிக்காலத்தைக் கொண்டிருந்ததால், அக்காலத்தில் தமக்குப் பென்ஷன் கிரெடிட் உரியதன்று என்று பின்னர் தெரியவந்தவர், அதைச் சார்ந்து வந்த தொகையையும் திருப்பிக் கட்ட நேரிடலாம்.

அறிவிக்காமல் இருப்பதன் விளைவுகள் படிப்படியாகக் கடுமையாகும். கவனக்குறைவாகத் தகவல் தராதிருந்தால் 50 பவுண்டு அபராதம்; மோசடி என்று வேலை மற்றும் ஓய்வூதியத் துறை கருதி, வழக்குக்கு மாற்றாக அபராதம் செலுத்த வாய்ப்பளித்தால், மிகையாகப் பெற்றதில் பாதி, குறைந்தது 350 பவுண்டு, அதிகபட்சம் 5,000 பவுண்டு; வழக்குத் தொடரப்பட்டால் 1992-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின்கீழ்ச் சிறைத்தண்டனையும் சாத்தியம். எனினும் அதே சட்டத்தின் 71-ஆம் பிரிவு ஒரு கேடயத்தையும் வைத்திருக்கிறது. தவறான தகவலாலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாததாலோ நேர்ந்த மிகைத்தொகையை மட்டுமே அப்பிரிவின்கீழ் மீட்கலாம். பயணத்தை முறையாக அறிவித்தும் அலுவலகம் தன் பிழையால் தொடர்ந்து பணம் அனுப்பியிருந்தால், ஓய்வூதியம், பென்ஷன் கிரெடிட் போன்றவற்றில் அதைச் சட்டப்படி கட்டாயப்படுத்தி மீட்க முடியாது. அப்பிரிவுக்கு வெளியே பொதுச்சட்ட உரிமையைக் காட்டியும் மீட்க முடியாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே எந்தத் தேதியில், யாரிடம், எவ்வழியில் தகவல் சொல்லப்பட்டது என்பதற்கான எழுத்துச் சான்று, பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு மதிப்புடையதாகிவிடும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட மோசடித் தடுப்பு மசோதா, பென்ஷன் கிரெடிட் செல்லும் கணக்குகளில் தகுதியின்மைக்கான அறிகுறிகளை வங்கிகள் துறைக்குத் தெரிவிக்க வகைசெய்தது. அரசு ஓய்வூதியத்தை அதிலிருந்து விலக்கியது.

வெளிநாட்டிலேயே நிரந்தரமாக வாழ்பவருக்கு இடையூறு வருவது பெரும்பாலும் வாழ்நாள் சான்றின் வடிவில். ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்பதைச் சாட்சி ஒருவரின் கையொப்பத்துடன் உறுதிசெய்து திருப்பி அனுப்பும்படி வேலை மற்றும் ஓய்வூதியத் துறை படிவம் அனுப்பும். 16 வாரங்களுக்குள் அது போய்ச் சேராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். முகவரி மாறியதைத் தெரிவிக்காதவர்கள் படிவம் வந்ததே தெரியாமல் இருந்துவிட்டு, வங்கியில் பணம் வராதபோதுதான் விழித்துக்கொள்கின்றனர். அத்தகைய நிலையில் அத்துறையின் சர்வதேச ஓய்வூதிய மையத்தைத் தொடர்புகொண்டு சான்றை அளித்தால் ஓய்வூதியம் மீண்டும் தொடங்கும்.

மோசடிக்காரர்களுக்கும் இந்தக் குழப்பம் விளைநிலமாகியிருக்கிறது. வாழ்க்கைச் செலவு உதவித்தொகைகள் விண்ணப்பமின்றித் தாமாகவே வரவு வைக்கப்பட்டவை என்பதால், அவற்றைப் பெற விண்ணப்பிக்கும்படியும் வங்கி விவரம் தரும்படியும் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்திகள் அனைத்தும் போலியானவை. எரிபொருள் உதவித்தொகையின் பெயரிலும் இத்தகைய செய்திகள் பரவின. உறைந்த ஓய்வூதியத்தின் நிலுவையைத் தரகுக்குப் பெற்றுத் தருவதாக யாரேனும் அணுகினால், அப்படியொரு நிலுவையே சட்டத்தில் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெறத்தக்க நிலுவை வேறோர் இடத்தில் இருக்கலாம். குழந்தை வளர்ப்புக்காக வேலைக்குச் செல்லாதிருந்த 1978 முதல் 2010 வரையான ஆண்டுகளுக்கான பாதுகாப்பு, பல பெண்களின் தேசியக் காப்பீட்டுப் பதிவில் விடுபட்டிருப்பது கண்டறியப்பட்டு, 2023 முதல் வரித்துறை கடிதங்கள் அனுப்பிவருகிறது. 2000 மே மாதத்துக்கு முன் குழந்தை உதவித்தொகை கோரியபோது தேசியக் காப்பீட்டு எண்ணைக் குறிப்பிடாதவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள். பழைய திட்டத்தில் மணமான பெண் தன் கணவரின் சந்தாவைக் கொண்டு அவருடைய அடிப்படை ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு வரை பெறலாம் என்பதையும் பல குடும்பங்கள் அறிந்திருக்கவில்லை. இவை வெளிநாட்டில் வாழ்பவருக்கும் பொருந்தும். கணக்கிட்ட தொகை ஓரிடத்தில் உறைந்தாலும், கணக்கே தவறாக இருந்தால் அதைத் திருத்தக் கோரும் உரிமை உறைவதில்லை.

துறையின் முடிவு எதுவாயினும் அதை எதிர்க்கும் முதற்படி, கட்டாய மறுபரிசீலனை எனப்படும் மனு. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதைக் கோர வேண்டும், தக்க காரணம் இருந்தால் 13 மாதங்கள் வரை ஏற்கப்படலாம். அதிலும் நிறைவு இல்லையெனில் மறுபரிசீலனை அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டப்பிழை இருந்தால் மட்டும் மேல்நிலைத் தீர்ப்பாயம் வரை செல்லலாம். தகுதிக் கணக்கு, சந்தா ஆண்டுகள், மிகைத்தொகை மீட்பு ஆகியவற்றில் இவ்வழி பயன்படும். ஓய்வூதியத்தை உறைய வைக்கும் விதியே சட்டமாக இருப்பதால் அதைத் தீர்ப்பாயம் மாற்ற இயலாது. தாமதம், தவறான ஆலோசனை, பதிலளிக்காமை போன்ற நிர்வாகக் குறைகளுக்குத் துறையிடம் முறையிட்டபின் சுதந்திர வழக்கு ஆய்வாளரிடமும், அதன்பின் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் குறைதீர் ஆணையரிடமும் செல்லலாம்.

பிரிட்டனுக்கே திரும்பிக் குடியேறுபவருக்கு ஓய்வூதியம் நடப்பு அளவுக்கு உயர்ந்துவிடும். சில வாரங்கள் தங்கிச் செல்பவரும் அந்த வாரங்களுக்கு உயர்ந்த தொகையைக் கோரலாம், வெளியேறியதும் பழைய தொகை மீளும். ஆனால் திரும்பியவர் உடனே பென்ஷன் கிரெடிட் கோரினால், வழக்கமாக வாழும் இடம் பிரிட்டன்தானா என்ற சோதனைக்கு உட்பட வேண்டும். குடியுரிமை கையில் இருந்தும், வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவப் பதிவு, வெளிநாட்டு வீட்டைக் காலிசெய்த சான்று போன்றவற்றைக் காட்ட இயலாமல் முதல் சில வாரங்களில் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. உறைந்த நிலையிலேயே வெளிநாட்டில் தொடர்வோரில் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு, 15 ஆண்டுகளுக்கு மேல் வெளியே வாழ்ந்தால் வாக்குரிமை இல்லை என்ற தடை 2024 ஜனவரி 16 முதல் நீங்கியிருக்கிறது. கடைசியாகப் பதிவாகியிருந்த, அல்லது வாழ்ந்திருந்த தொகுதியில் அவர்கள் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவான பின் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவர்கள் எழுதும் கடிதம் ஒரு வாக்காளரின் கடிதமாகவே போய்ச் சேரும்.